ஒரே மையம், இரண்டு ஆய்வுகள்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. 1981இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை எல்லோரும் ஆர்.சி.சி. என்றே சொல்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் தமிழ் நோயாளிகளுக்கும் அதுதான் பெயர். 1990களின் பிற்பகுதியில் இந்த மையம் வாய்ப்புற்றுநோயைப் பற்றி நடத்திய இரண்டு ஆய்வுகள் காலத்தால் ஒன்றையொன்று தொட்டுச் சென்றன. ஒன்று இன்றைக்கும் புற்றுநோய்த் தடுப்பு நூல்களில் மேற்கோளாக வருகிறது. மற்றது ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது.

வேறு வேலையை விட்டுவிட்டு க்ளினிக்கல் ரிசர்ச் பக்கம் வர நினைப்பவர்கள், சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியை, மருந்துக்கடையில் பத்து வருஷம் நின்ற பி.பார்ம். பட்டதாரி, வளைகுடாவிலிருந்து திரும்பிய செவிலியர், டெக்னோபார்க்கில் வேலை சலித்துப்போனவர் என்று பலரும் இந்தத் துறையை விசாரிக்கிறார்கள். எல்லோரிடமும் முதலில் வருவது ஒரே தயக்கம்: டாக்டருக்குப் படிக்காத நான் இங்கே என்ன செய்துவிட முடியும்?

முதல் ஆய்வு 1996இல் தொடங்கியது. ஆர்.சி.சி.யும் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தியது. தலைமை ஆர். சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஏழில் வாய்ப் பரிசோதனை நடத்தினார்கள். ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. 35 வயதுக்கு மேற்பட்டோர் ஒரு பக்கம் 96,517 பேர், மறுபக்கம் 95,356 பேர். இத்தனை வீடுகளுக்கும் மருத்துவர்களை அனுப்ப எந்த ஆஸ்பத்திரியாலும் ஆகாது. அனுப்பப்பட்டவர்கள் மருத்துவம் சாராத பாடங்களில் பட்டம் பெற்ற இளைஞர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா, பீடி உண்டா, மது உண்டா என்று கேட்டு எழுதவும், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும், வெள்ளைத் திட்டு எது, சிவப்புத் திட்டு எது, ஆறாத புண் எது என்று பிரித்தறியவும் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது.

அந்தப் பயிற்சியை நம்பலாமா என்பதையும் ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். 2069 பேரின் வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் மருத்துவர்களும் தனித்தனியே பார்த்த ஒப்பீடு 1997இல் வெளியானது. மருத்துவர் கண்ணில் பட்டவற்றில் நூற்றுக்கு 94ஐ ஊழியர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். நோயில்லாதவரை நோயுள்ளவராகச் சொன்னது மிக அரிது. துறை மாறும் ஒருவருக்கு இதைவிடத் தெம்பு தரும் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையை வரையறுத்து, கற்றுக்கொடுத்து, சோதித்தும் பார்த்தால், பட்டம் எந்தப் பாடத்தில் என்பது பின்னால் போய்விடுகிறது.

முடிவுகள் 2005இல் லான்செட் இதழில் வந்தன. வாய்ப்புற்றுநோயால் இறந்தவர்கள் பரிசோதனை நடந்த பகுதிகளில் 77 பேர், நடக்காத பகுதிகளில் 87 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை அவர்களே எழுதினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அது உறுதியான வித்தியாசம். இன்னொன்றையும் மறைக்கவில்லை: வாயில் ஏதோ இருக்கிறது, மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பப்பட்ட 5145 பேரில் போனவர்கள் 3218 பேர்தான். மீதிப் பேர் ஏன் போகவில்லை என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு விளங்கும். வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டுக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? எனக்கு இந்த ஆய்வின்மேல் மதிப்பு வந்தது வெற்றிக் கணக்கைப் பார்த்தல்ல, சாதகமில்லாத இந்த எண்களும் அதே பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்துத்தான்.

இரண்டாவது ஆய்வு சிறியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர், பாலைவனப் புதரொன்றில் கிடைக்கும் என்.டி.ஜி.ஏ. என்ற வேதிப்பொருளிலிருந்து புதிய மருந்தை உருவாக்கியிருந்தார். 1999 இறுதியிலும் 2000இன் தொடக்க மாதங்களிலும் ஆர்.சி.சி.யில் வாய்ப்புற்றுநோயாளிகள் ஏறத்தாழ 25 பேருக்கு அது கட்டியிலேயே ஊசியாகப் போடப்பட்டது. அந்த மையத்திலேயே பணியாற்றிய வி.என். பட்டதிரி எழுப்பிய புகாரால் 2001இல் விஷயம் வெளியே வந்தது. இது சோதனை என்பது நோயாளிகளுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒப்புதல் பெற்றே செய்தோம் என்பது மையத்தின் பதில். 2001 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் விசாரணை முடிவை அறிவித்தது: பல்கலைக்கழகத்தின் மறுஆய்வுக் குழுவிடம் அனுமதி பெறவில்லை, மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்குகளில் போதிய பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை, மனிதரை வைத்து நடத்தும் ஆய்வுக்கு அந்த விஞ்ஞானி இனித் தலைமை ஏற்கக் கூடாது.

இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாயைத் திறந்து பார்ப்பதில் ஆபத்து அநேகமாக இல்லை. புதிய வேதிப்பொருளை உடம்பில் செலுத்துவதில் எல்லா ஆபத்தும் இருக்கிறது. ஆனால் ஆபத்து கூடக்கூட அனுமதியும் விளக்கமும் பதிவும் கூடியிருக்க வேண்டும். இங்கே நடந்தது தலைகீழ். குறைந்த ஆபத்துள்ள ஆய்வில் ஒவ்வொரு படியும் எழுதப்பட்டுச் சரிபார்க்கப்பட்டது. கூடுதல் ஆபத்துள்ள ஆய்வில் மனிதரைத் தொடும் முன்பே முடிந்திருக்க வேண்டிய படிகள் விடுபட்டன. படிப்பையும் பெயரையும் பார்த்தால் இரண்டாவது ஆய்வின் பக்கம்தான் கனம் கூடுதல். அங்கே மருத்துவ அறிவுக்குப் பஞ்சமில்லை. யாராவது ஒருவர், “இந்தத் தாள் இன்னும் வரவில்லை, வந்த பிறகு ஊசி போடுவோம்” என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்வதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு அந்த ஆளுக்குத்தான் க்ளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் என்று பெயர். சான்றிதழ் படிப்புகள் தயாரிப்பதாகச் சொல்வதும் பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான். பாடத்திட்டத்தைப் புரட்டினால், இரண்டாவது ஆய்வில் நடந்ததைப் போன்றவை மறுபடி நடக்கக்கூடாது என்று எழுதப்பட்ட விதிகளாகவே தெரியும். 2009 முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அவர்களில் பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும், மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும் வேண்டும். பங்கேற்பவருக்குக் கடும் பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், ஆய்வைச் சாராத ஒருவர் சாட்சியாக உடனிருக்க வேண்டும்.

இவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. சென்னையிலிருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உயிர்மருத்துவ ஆய்வின் அடிப்படைகளை இணையவழியில் கற்பிக்கிறது. மருத்துவ ஆய்வுக்கான நற்செயல்முறைச் (ஜி.சி.பி.) சான்றிதழைக் கட்டணமின்றித் தரும் இணையப் படிப்புகளும் உண்டு. தனியார் நிறுவனங்கள் கேட்கும் தொகை இவற்றுக்கு மேல் எதற்கு என்று கேட்க வேண்டும். ஏசி வகுப்பறையும் வேலை வாங்கித் தருவோம் என்ற வாக்கும் மட்டும் பதிலாக வந்தால் கட்ட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவுள்ள ஆஸ்பத்திரியில், நடப்பிலிருக்கும் ஆய்வொன்றில், சில மாதம் உடனிருக்க விடுவோம் என்றால் அந்தப் பணம் வீணாகாது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் கண்டதை மருத்துவர்கள் திரும்பப் பார்த்துச் சொன்னார்களே, அப்படிப் பக்கத்தில் நின்று திருத்தும் ஆள் இல்லாமல் இந்த வேலை வராது.

பழைய தொழிலும் வீணாவதில்லை. நோயாளியின் பதிவேட்டில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக்கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு கிழித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணக்கு எழுதியவருக்கு இது கையில் ஊறிய பழக்கம். மருந்துக்கடையில் நின்றவருக்கு, வந்த மாத்திரையையும் போன மாத்திரையையும் மிச்சத்தோடு ஒப்பிட்டு வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியை, புரிந்தது என்று தலையாட்டும் முகத்திலேயே புரியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பார்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு கைமுதலும் உண்டு. எல்லை தாண்டி வரும் நோயாளிகள் பலருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சிலருக்கு அதுவும் வராது. ஆய்வின் தகவல் தாள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், வேறு என்னென்ன சிகிச்சை உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும், நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதும் சொல்லப்பட வேண்டும். விதி அவ்வளவுதான். ஆனால், “டாக்டர் சொன்னாச் சரிதாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?” என்று பேனாவை வாங்குகிறவரைச் சற்று நிறுத்தி, “இது உங்களுக்குக் குணமாகும்னு உறுதியா சொல்ற மருந்து இல்லங்க, குணமாகுதான்னு பாக்குறதுக்கான ஆராய்ச்சி; வேண்டாம்னாலும் டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு, வைத்தியம் நிக்காது” என்று அவர் பேச்சிலேயே சொல்லி, வீட்டாரோடு பேசிவிட்டு வரச்சொல்ல ஆள் வேண்டும். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அந்த உரையாடலின்போது பக்கத்தில் உட்கார என்னை விடுவீர்களா என்று முதல் நாளே கேளுங்கள்.