ஒரு கண்மாய்... ஒரு மணி நேரம்... பத்தே கிளிக்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்மாய்க் கரையில் ஒரு குருட்டுக்கொக்கு. மொபைலை நீட்டிக்கிட்டே கிட்டப் போறீங்க... விருட்டுனு பறந்துடுது. கேலரியில் மிஞ்சுவது மங்கலான நாற்பது போட்டோக்கள். இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கா? அப்போ ஒருமுறை நிதானமா எடுத்துப் பாருங்க!

இதுக்கு நம்மகிட்டயே ஒரு முன்னோடி உண்டு. 1912-ல் பிறந்த மா.கிருஷ்ணன், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே உருவாக்கிய கனமான கேமராவில், கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு யானைகளைப் படமெடுத்தவர். 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950-ல் தொடங்கி 1996-ல் இறக்கும்வரை இயற்கை பற்றி எழுதினார். யானை மட்டுமல்ல, காகம், அணில்கூட அவருக்கு முக்கியம்தான். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு கிளிக்கும் காசு. அதனால முதலில் கண், அப்புறம்தான் கேமரா!

ஆனையூர்ப் பக்கம் இருந்தால், வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாயிலேயே ஆரம்பிக்கலாம்.

* காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் போங்க. வெயில் ஏறினா சூடான காற்று அலையடிக்கும்; தூரத்துப் பறவை தெளிவா விழாது.

* சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

* ஒரே இடத்தில் உட்காருங்க. முதல் 20 நிமிஷம் மொபைல் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். நீங்க அசையலைனா பறவைகள் மெதுவா தங்கள் வேலைக்குத் திரும்பும். கொக்கு கழுத்தை மெல்ல நீட்டினா, அடுத்த நொடி மீன்மேல் பாயப்போகுதுனு அர்த்தம். கிளிக் பண்ண வேண்டிய நேரம் அதுதான்.

* மொத்தம் பத்தே கிளிக்னு கணக்கு வெச்சுக்கோங்க.

* ஜூமை ரொம்ப இழுக்காதீங்க. கரை, தண்ணீர், பனைமரம்னு பறவை வாழும் இடத்தையும் சேர்த்து எடுங்க.

நிதானம் அழகுக்காக மட்டும் இல்லை. ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். நீங்க கிட்டப் போனா கத்திக்கிட்டே எழுந்து பறக்கும். அது திரும்புறவரைக்கும் முட்டைகள் மதுரை வெயிலில் கிடக்கும்; காகமும் தூக்கிட்டுப் போகலாம். அது கத்தினா வந்த வழியே பின்வாங்குங்க. கூட்டைப் படமெடுக்க வேண்டாம், லொகேஷனையும் ஷேர் பண்ண வேண்டாம்.

கண்மாய் பழகினதும், மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போகலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பர்யத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் ஃபால்கன் போன்ற அரிய வல்லூறுகளும் உண்டு. இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் போராட, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. அவங்க காப்பாத்திக் கொடுத்த பாறைகள் அவை. கீழே நின்னே பாருங்க. கூட்டைத் தேடி மேலே ஏற வேண்டாம், ட்ரோனும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறும் அதே கண்மாய்க்கே போங்க. அந்தக் கொக்கு எந்தக் கல்லில் வந்து நிற்கும்னு இப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!