பிரமிடைக் கட்டியவர்கள் யார்?

 

ஆது கூட்டத்தாரின் எலும்புக்கூடு என்ற பெயரில், மனிதனைவிடப் பன்மடங்கு பெரிய எலும்புக்கூட்டின் படம் ஒன்று 2004ஆம் ஆண்டு முதல் சுற்றி வருகிறது. அது 2002இல் ஒரு போட்டிக்காகக் கணினியில் ஒட்டித் தயாரிக்கப்பட்ட படம். ஆயினும் அதைக் காட்டி, எகிப்தியப் பிரமிடுகளைக் கட்டியவர்கள் இந்த இராட்சதர்களே என்று கூறுவோர் உளர். ஜின்கள் கட்டின என்பார் சிலர். மூஸா (அலை) அவர்களை எதிர்த்த ஃபிர்அவ்ன் கட்டினான் என்பார் வேறு சிலர். இறுதியாகச் சொன்னதை நானே ஒரு ஜும்ஆ உரையில் உறுதிபடக் கூறியிருக்கிறேன். அது பிழை. மிம்பரில் சொன்ன பிழையை எழுத்திலாவது திருத்துவது கடமை என்பதாலேயே இக்கட்டுரை.

கெய்ரோவை அடுத்த கீஸாவில் நிற்கும் பெரிய பிரமிடு, குஃபு என்னும் மன்னனுக்காகச் சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட கல்லறை. மூஸா (அலை) அவர்களின் காலமோ, பெரும்பாலான கணிப்புகளின்படி, அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. களிமண்ணைச் சுட்டுக் கோபுரம் எழுப்புமாறு ஹாமானை ஃபிர்அவ்ன் பணித்ததைத் திருக்குர்ஆன் (28:38) குறிப்பிடுகிறது. குஃபுவின் பிரமிடு செங்கல்லால் ஆனதன்று, கல்லால் ஆனது. ஆது கூட்டத்தார் வாழ்ந்த அஹ்காஃபும் எகிப்தில் இல்லை. அது அரபு நாட்டின் தென்பகுதி மணற்பரப்பு.

அந்தக் கட்டடம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 23 இலட்சம் கற்கள். கட்டியபோது உயரம் 146 மீட்டருக்கும் மேல். ஒவ்வொரு பக்கமும் சுமார் 230 மீட்டர். நான்கு பக்கங்களுக்கிடையே உள்ள வேறுபாடு சில அங்குலங்களே! மன்னனின் அறைக்கு மேலுள்ள கருங்கல் உத்தரங்கள், சுமார் 800 கிலோமீட்டர் தெற்கேயுள்ள அஸ்வானிலிருந்து நைல் நதி வழியே கொண்டுவரப்பட்டவை. அவற்றுள் சிலவற்றின் எடை 50 டன்னுக்கும் அதிகம் என மதிப்பிடப்படுகிறது.

இரும்பு இல்லாத அக்காலத்தில் சுண்ணாம்புக்கல்லைச் செம்பு உளியால் வெட்டினர். கருங்கல்லை அதனினும் கடிய கல்லுருண்டைகளால் இடித்துச் செதுக்கினர். பாரத்தைச் சறுக்குக் கட்டையில் ஏற்றிக் கயிற்றால் இழுத்தனர். பிற்காலத்துக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெருஞ்சிலையை இழுக்கும் கூட்டத்தின் முன்னே ஒருவன் மணலில் நீர் ஊற்றுகிறான். நெடுங்காலம் அது சடங்கென்றே கருதப்பட்டது. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, அளவாக நனைத்த மணலில் பாதி விசையே போதுமானதாயிருந்தது.

கட்டியவர்களின் கையெழுத்தே கிடைத்துவிட்டது என்றால் நம்புவீர்களா? 2013இல் செங்கடற்கரையிலுள்ள வாதி அல்ஜர்ஃப் என்னுமிடத்தில், பிரெஞ்சு அறிஞர் பியர் டாலே தலைமையிலான குழு பாப்பிரஸ் தாள்களைக் கண்டெடுத்தது. மேரர் என்னும் அதிகாரியின் நாட்குறிப்பு அது. துரா மலையில் வெட்டிய வெண்சுண்ணாம்புக்கல்லைப் படகிலேற்றிக் கீஸாவில் சேர்த்ததை, சுமார் 40 பேர் கொண்ட தம் குழுவின் அன்றாடக் கணக்காக அவர் எழுதி வைத்துள்ளார். ஜின்களுக்கு எதற்குப் படகு?

இடிப்பதும் எளிதாயில்லை. 1196இல் சலாஹுத்தீன் அய்யூபியின் மகன் மலிக் அல்அஸீஸ், மூன்று பிரமிடுகளுள் சிறியதை இடிக்க முற்பட்டார். எட்டு மாதம் உழைத்தும், அதன் வடபுறத்தில் ஒரு வடு மட்டுமே மிஞ்சியது. இதனை அக்காலத்து அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ பதிவு செய்துள்ளார்.

மர்மம் முற்றும் தீர்ந்துவிடவுமில்லை. உச்சிவரை கற்களை ஏற்றிய சரிவுப்பாதை எவ்வாறு அமைந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வேறுபடுகின்றனர். விண்ணிலிருந்து வரும் நுண்துகள்களைக் கொண்டு ஆராய்ந்து, குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்று உள்ளே இருப்பதாக 2017இல் அறிவித்தனர். அது எதற்கென்று எவருக்கும் தெரியாது.

1990இல் பிரமிடுக்கு அருகே ஒரு குதிரையின் கால் இடறியதால், புதைந்திருந்த மண்சுவர் வெளிப்பட்டது. தொடர்ந்து தோண்டியபோது தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. அருகே அவர்கள் குடியிருந்த ஊரும், ரொட்டி சுட்ட அடுப்புகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கல்லறைகளிலிருந்த எலும்புகள் நம்மைப் போன்ற உயரமுடைய மனிதர்களுடையவை. பாரம் இழுத்துத் தேய்ந்த முதுகெலும்புகள். முறிந்து, கட்டுப் போடப்பட்டு, நேராகக் கூடிய கையெலும்புகள்.