கொடிகாமம்: பொது நூலகமும் தொழில் தேடுவோரும்

கொடிகாமம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் உள்ள ஊர். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதி பிரிகிற சந்தியைச் சுற்றி வளர்ந்தது. தேங்காயும் பனம்பொருளும் மாவும் பலாவும் வந்து குவியும் சந்தையும், வடக்குப் பாதையின் புகையிரத நிலையமும் இதன் அடையாளங்கள். உள்ளூராட்சியில் இது சாவகச்சேரிப் பிரதேச சபைக்குள் அடங்கும். பக்கத்துச் சாவகச்சேரி நகரம் தனி நகரசபையின் கீழ் உள்ளது. இங்கும் இதைச் சூழ்ந்த குடாநாட்டிலும் வாசிகசாலைகளும் பொது நூலகங்களும் வேலை தேடுவோருக்கு உதவி வந்த வரலாறு நீளமானது. நூலக வரலாறு எழுதியோர் இதை அதிகம் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கண் அரிய நூல்களிலும் ஏட்டுச் சுவடிகளிலுமே நின்றது. அந்த அக்கறை நியாயமானதே. ஆனால் காலை எட்டு மணிக்கு வாசிகசாலைக் கதவு திறக்கக் காத்துநின்ற இளைஞர்களில் பலர் தேடி வந்தது பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தை.

யாழ்ப்பாணத்தில் படிப்பும் உத்தியோகமும் பிரிக்க முடியாதபடி பிணைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் பின்வந்த ஆங்கிலப் பாடசாலைகளும் எழுதுவினைஞர்களை, நில அளவையாளர்களை, ஆசிரியர்களை உருவாக்கின. அவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போனார்கள். 1905இல் கொழும்பு–காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை முழுமையடைந்தபின் தெற்கே போய்வருவது இலகுவாயிற்று. தோட்டக்காணி சிறிது, மழை குறைவு, பிள்ளைகள் அதிகம் என்ற குடும்பங்களுக்கு மாதச் சம்பளமே பிடிமானம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்" என்ற, அரச உத்தியோகத்தையே விரும்பும் பேச்சு அப்படித்தான் பிறந்தது. அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. வறண்ட நிலத்து மனிதரின் கணக்கு அது.

அந்தக் கணக்கில் ஒரு கஷ்டம் இருந்தது. எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம், எப்போது பரீட்சை, வயதெல்லை என்ன என்பவை கொழும்பில் உறவினர் உள்ள வீட்டுக்கு முதலில் தெரியும். மாமனோ சித்தப்பாவோ தபாலட்டை போடுவார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் செய்தி வரும்போது முடிவுத் திகதி கடந்திருக்கும். ஊர் வாசிகசாலை உடைத்தது இந்தச் சுவரைத்தான்.

குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையங்கள் தோன்றின. பெரும்பாலானவற்றின் உயிர் அதன் வாசிகசாலைதான். ஒரு மண்டபம், நீண்ட மேசை, இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகைகள். ஊரவரின் சந்தாவும் உள்ளூராட்சி மன்றத்தின் சிறு உதவித்தொகையும் அதை நடத்தின. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பிலிருந்து வெளிவரத் தொடங்கின. யாழ்ப்பாணத்திலிருந்தே 1959இல் ஈழநாடும் 1985இல் உதயனும் வந்தன. பெரியவர்கள் அரசியல் பக்கத்தை விவாதிக்க, மேசையின் மறுபக்கத்தில் பொடியன்மார் கொப்பித் தாளில் விளம்பரங்களைக் குறித்துக்கொள்வார்கள். பெண்பிள்ளைகள் அங்கே குறைவாகவே வந்தார்கள். அவர்களுக்குக் குறிப்பை அண்ணனோ தம்பியோ கொண்டுபோக வேண்டியிருந்தது. வாசிகசாலை மரபின் பெரிய குறை அது.

பத்திரிகையை விட முக்கியமானது அரசாங்க வர்த்தமானி. 1802 மார்ச் 15இல் முதல் இதழ் வெளிவந்த இந்த ஏடு வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. பதவி வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் அதற்கென ஒதுக்கிய தொகுதியில் அச்சாகும். விண்ணப்பப் படிவத்தின் மாதிரி மட்டுமே அதில் இருக்கும். அதைப் பார்த்து விண்ணப்பதாரரே தாளில் தயாரித்து, கடித உறையின் இடப்பக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பிரிவை விட்டுவிட்டாலே விண்ணப்பம் தள்ளுபடியாகும். இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் வாசிகசாலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார்மாரும் எழுதுவினைஞர்களும். தொழில் வழிகாட்டல் என்று இன்று பெயர் சூட்டி நடத்தும் வேலையை அவர்கள் சம்பளமின்றிச் செய்தார்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் இதே மண்ணில் முளைத்ததுதான். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 ஆகஸ்ட் 1இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டே உள்ளூராட்சி மன்றம் அதைப் பொறுப்பேற்றது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையுடன் எழுந்த பெரிய கட்டிடம் 1959 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் உசாத்துணைப் பகுதியில் ஆய்வாளரும் பரீட்சைக்குப் படிப்பவரும் ஒரே மேசையில் இருந்தார்கள்.

அதே காலத்தில் உத்தியோகக் கதவு ஒடுங்கத் தொடங்கியிருந்தது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் அந்த வாசலையும் குறுக்கியது. விளம்பரத்தைப் பார்ப்பது மட்டும் இனிப் போதவில்லை. சிங்களம் கற்கும் நூல், வேறு தொழில்களைப் பற்றிய தகவல், வெளிநாட்டுப் படிப்பின் விபரம் என்று வாசகர் தேவை விரிந்தது. நூலகங்கள் அதற்கு ஈடுகொடுக்கும் முன்னே நெருப்பு வந்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ஈழநாடு அலுவலகமும் அந்நாட்களில் எரிந்தது. அழிந்த சுவடிகளுக்காக உலகம் வருந்தியது. அந்த ஆண்டு உயர்தரம் எடுக்கவிருந்த பிள்ளையின் பாடநூலும் அங்கேதான் சாம்பலாயிற்று.

போர்க்காலம் கொடிகாமத்தை நேரே தாக்கியது. 1990 யூனில் புகையிரதம் நின்றது. பொருளாதாரத் தடையின்போது பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. கொழும்புத் தபால் பிந்தி வந்தது. முடிவுத் திகதி கடந்தபின் அறிவித்தல் கைக்கு வருவது மீண்டும் வழமையாயிற்று. 1995 அக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் பொது மண்டபங்களும் தங்குமிடங்களாயின. 2000ஆம் ஆண்டுச் சமரில் சாவகச்சேரி நகரம் நொறுங்கியது. பின்னர் முகமாலைப் போர் முன்னரங்கு கொடிகாமத்துக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் பல ஆண்டுகள் கிடந்தது.

சட்டப்படி ஊர் நூலகங்களின் பொறுப்பு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தால் பிரதேச சபைகளிடம் போனது. ஆனால் வடக்கில் அச்சபைகள் நெடுங்காலம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றி அதிகாரிகளால் நடத்தப்பட்டன. நாடளாவிய தரநிர்ணயமும் நூலகர் பயிற்சியும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் பணி. 2000களில் நெனசல என்ற அறிவகங்கள் கணினியையும் இணையத்தையும் கிராமங்களுக்குக் கொண்டுவந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகம் எரிந்த நினைவை ஈடுசெய்யும் பெரும்பணியைச் செய்கிறது. 2014இல் புகையிரதம் கொடிகாமத்தைக் கடந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.

இன்று வேலைத் தகவலுக்குப் பஞ்சமில்லை. வர்த்தமானி கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், தொழிற்சந்தையும் நடக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை முதலிய நிறுவனங்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்குப் பயிற்சி தருகின்றன. பனைத் தொழிலுக்குப் பனை ஆராய்ச்சி நிலையம் தென்மராட்சியின் கைதடியிலேயே உள்ளது. இவை தனித்தனி வாசல்கள். சாதாரண தரத்தோடு நின்ற ஒரு பிள்ளை எந்த வாசலை முதலில் தட்டுவது என்று கேட்க இடமில்லை. முகநூலில் சுற்றும் போலி விளம்பரத்தையும் வெளிநாட்டு ஆசை காட்டும் முகவரையும் உண்மையிலிருந்து பிரித்துச் சொல்ல ஆளில்லை. வாசிகசாலை வாத்தியார் செய்த வேலை இதுதான். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

பிற இடங்களில் இந்த வெறுமையை நூலகமே நிரப்பியிருக்கிறது. இலண்டன் டவர் ஹாம்லெட்சில் 2002இல் திறந்த ஐடியா ஸ்டோர் நூலகத்தையும் வளர்ந்தோர் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. டொரன்டோவில், நம்மவர் பலர் குடியேறிய பகுதிகள் உட்பட, புதிதாக வந்தோருக்கான உதவி அலுவலர்கள் நூலகக் கிளைகளிலேயே அமர்கிறார்கள். தமிழ்நாட்டில் நகராட்சிகள் அறிவுசார் மையங்களைக் கட்டிப் போட்டித் தேர்வு மாணவருக்கு இடமளிக்கின்றன. படிக்க இடம் கொடுப்பது பாதி உதவிதான். கேட்பதற்கு ஒரு மனிதர் இருப்பதே மறுபாதி.

2025 மேயில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலோடு தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் மீண்டும் சபைகளுக்கு வந்திருக்கிறார்கள். தென்மராட்சியின் உறுப்பினர்களிடம் கேட்பது புதுக் கட்டிடம் அல்ல. பிரதேச செயலகத்தின் மனிதவள உத்தியோகத்தர் கிழமையில் ஒரு நாள் ஊர் நூலகத்தில் அமரட்டும். வர்த்தமானியின் வெற்றிடப் பக்கங்கள் வெள்ளி மாலையே அச்செடுத்து மேசைக்கு வரட்டும். பெண்பிள்ளைகள் பேருந்து இருக்கும் நேரத்திலேயே வந்து போகத்தக்கதாகத் திறந்திருக்கும் நேரம் அமையட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் ஊரில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.