நாசெல் ஸ்ட்ரேக்

நாசெல் ஸ்ட்ரேக் என்பது பயணிகள் விமான எஞ்சினின் வெளியுறையான நாசெல்லின் பக்கவாட்டில், மேற்பாதியில் பொருத்தப்படும் சிறு தகட்டுத் துடுப்பு. நாசெல் சைன் என்றும் இதைச் சொல்வர். எஞ்சினின் இயக்கத்துக்கோ குளிர்விப்புக்கோ இது உதவுவதில்லை. குறைந்த வேகத்தில் இறக்கையின் தூக்குவிசை குலையாமல் காப்பதே இதன் வேலை.

தேவை

பெரிய விசிறி கொண்ட டர்போஃபேன் எஞ்சின்களின் நாசெல் பருமனானது. தரையில் இடிக்காதிருக்க, அது இறக்கைக்கு முன்னே, அதை நெருங்கிய உயரத்தில் பொருத்தப்படுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மூக்கை உயர்த்திப் பறப்பதால், காற்று இறக்கையைச் சந்திக்கும் தாக்குகோணம் கூடும். அப்போது நாசெல்லையும் அதைத் தாங்கும் பைலனையும் கடந்துவரும் காற்று கலங்கி இறக்கையின் மேற்பரப்பில் படும். இறக்கையின் முன்விளிம்பில் நீட்டப்படும் ஸ்லாட் என்னும் தகடு பைலன் அருகே தொடர்ச்சியாக அமையாததும் இதற்குத் துணைபோகும். விளைவாக, எஞ்சினுக்குப் பின்னுள்ள பகுதியில் காற்றோட்டம் பரப்பைவிட்டுப் பிரிந்து, தூக்குவிசை குலையும் ஸ்டால் நிலை முன்கூட்டியே தொடங்கக்கூடும்.

செயல்முறை

தாக்குகோணம் மிகும்போது காற்று நாசெல்லின் பக்கத்தைச் சுற்றி மேலேறுகிறது. ஸ்ட்ரேக்கின் விளிம்பைத் தாண்டுகையில் அது வலுவான சுழலாகச் சுருண்டு, இறக்கையின் மேல் பின்னோக்கி ஓடுகிறது. மேலே விரைந்து செல்லும் காற்றை, பரப்பை ஒட்டி வேகமிழந்த எல்லைப்படலத்துடன் இச்சுழல் கலக்கிறது. ஆற்றல் பெற்ற படலம் பிரியாமல் நீடிக்கிறது. இதனால் உச்சத் தூக்குவிசை கூடி, ஸ்டால் வேகம் குறைகிறது. தரையிறங்கும் வேகத்தையும் தேவையான ஓடுதள நீளத்தையும் குறைக்க முடிகிறது. உயரத்தில் சீராகப் பறக்கும்போது துடுப்பு காற்றோட்டத்தின் திசையிலேயே இருக்குமாறு பொருத்தப்படுவதால், அது தரும் இழுவிசை சொற்பமே.

சுழலின் மையத்தில் அழுத்தமும் வெப்பநிலையும் தாழும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அங்கே நீராவி குளிர்ந்து, இறக்கையின் மேல் வெண்ணிறக் கோடாகத் தெரியும். சன்னலோரப் பயணிகள் இதைப் புகை என்றோ எரிபொருள் கசிவு என்றோ எண்ணுவதுண்டு.

பயன்பாடு

1970இல் முதன்முதலாகப் பறந்த மெக்டானல் டக்ளஸ் டிசி-10 விமானம் இதற்கு முன்னோடியான எடுத்துக்காட்டு. அதன் இறக்கை எஞ்சின்களில் இருபுறமும் ஸ்ட்ரேக்குகள் உண்டு. 1984இல் பறக்கத் தொடங்கிய போயிங் 737-300இல், உடற்பகுதியை நோக்கிய பக்கத்தில் மட்டும் ஒன்று உள்ளது. தரைக்கு மிக அருகில் நிற்கும் அவ்விமானத்தில், அகன்ற சிஎஃப்எம்56 எஞ்சினை இறக்கைக்கு முன்னே தள்ளிப் பொருத்த வேண்டியிருந்தது. ஏர்பஸ் ஏ320 குடும்பத்திலும் இத்துடுப்புகள் உள்ளன. சுழல் இறக்கையின் சரியான இடத்தைக் கடக்க வேண்டும் என்பதால், துடுப்பின் அளவும் இடமும் கோணமும் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் காற்றுச்சுரங்கச் சோதனை, கணினிக் கணிப்பு, பறப்புச் சோதனை ஆகியவற்றால் தனித்தனியே முடிவு செய்யப்படுகின்றன.