கொழும்புக்கு ஓர் அமைச்சு, புத்தளத்துக்குக் குப்பை



அருவக்காட்டுக் குப்பைக்கு எதிராக நாம் வீதியில் இருந்த நாட்களை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பாடசாலைப் பிள்ளைகள். அவர்கள் கேட்டால் ஓர் அமைச்சரின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அவர் இருந்த கதிரை எப்படி வந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆள் போய்விட்டார். அப்படியொரு கதிரை நாளை வேறு பெயரில் திரும்பி வரலாம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் உருவானது. நகரைத் துப்புரவாக வைத்திருப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு விடயம் இருக்கிறது: சபை சேகரிக்கும் குப்பை அந்தச் சபையின் சொத்து. அதாவது கொழும்பின் குப்பை சட்டப்படி கொழும்பு மாநகர சபைக்கே உரியது.

பிறகு நகரத்தின் அதிகாரம் மெல்ல மெல்ல மேலே போனது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. காணி, கட்டடம், திட்டமிடல் என்று பலவும் மத்திய அரசின் கைக்குப் போயின. 1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. உள்ளூராட்சி மாகாணத்துக்கு என்றார்கள். ஆனால் அந்த அதிகார சபை மத்தியிலேயே இருந்துவிட்டது. 2010இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதே வருடம் கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டதை அங்குள்ள நம் சொந்தங்கள் இன்னும் பேசுகிறார்கள்.

2015 செப்டெம்பரில் மாநகர, மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சு உருவாக்கப்பட்டது. சம்பிக்க ரணவக்க அமைச்சரானார். நகர அபிவிருத்தி அதிகார சபையும் அவரிடம் வந்தது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்களையும் ஒரே பெருநகராக வளர்ப்பதே நோக்கம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 58 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். இத்தனை பேர் வாழும் இடத்துக்கு வீதி, வடிகால், குப்பை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் தேவை என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை.

கொழும்பின் குப்பை முதலில் புளுமெண்டலிலும் பிறகு மீதொட்டமுல்லயிலும் மலையாகக் கொட்டப்பட்டது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். அந்த மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். குப்பை மாநகர சபையுடையது, மலை கிடந்தது கொலன்னாவையில், மேலே மாகாண சபை, அதற்கும் மேலே அமைச்சு. இத்தனை பேர் பொறுப்பாக இருந்தும் அந்த ஏழைகளின் வீடுகள் புதைந்தன.

அதன் பிறகுதான் ஏற்கெனவே பேச்சில் இருந்த அருவக்காடு திட்டம் வேகம் எடுத்தது. வண்ணாத்திவில்லுப் பிரதேசம், சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள், பக்கத்தில் வில்பத்து. கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர் புகையிரதத்தில் நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். அந்த அமைச்சின் பெயரிலேயே மேல் மாகாணம் என்று இருக்கிறது. புத்தளம் வடமேல் மாகாணம். அபிவிருத்தியின் எல்லை மேல் மாகாணத்தோடு நின்றது, குப்பை மட்டும் எல்லை தாண்டியது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அவங்க மாகாணத்து அமைச்சர்தானே? நம்மட ஊருக்கு எப்படி முடிவெடுத்தார்?" நம்மிடம் நேரான பதில் இருக்கவில்லை.

1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்களை ஏந்திக்கொண்ட மண் இது. சீமெந்துத் தூசியும் நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலும் ஏற்கெனவே இருந்தன. அதனால்தான் 2018 செப்டெம்பர் இறுதியில் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தோம். அது 100 நாட்களைத் தாண்டியது. சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் வந்து அமர்ந்தார்கள். உம்மாமாரும் வாப்பாமாரும் பிள்ளைகளோடு வந்தார்கள். அந்த நேரம் பார்த்து 2018 ஒக்டோபரில் வடமேல் மாகாண சபையின் காலம் முடிந்தது. பிறகு பல வருடங்கள் தேர்தல் நடக்கவில்லை. நமக்காகப் பேச வேண்டிய சபையே இருக்கவில்லை. 2019இல் குப்பை லொறிகள் வந்துவிட்டன. அதே வருட இறுதியில் ஆட்சி மாறியபோது அந்த அமைச்சும் இல்லாமல் போனது. குப்பையைக் கொண்டுவந்த அமைச்சு போய்விட்டது, வந்த குப்பை இங்கேயே கிடந்தது.

நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். ஓர் ஆளைத் திட்டுவதிலேயே நாம் அதிக நேரம் செலவிட்டோம். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சபையின் சம்மதத்தோடு என்று ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. நம் ஊர்க் குப்பையை நாம் எங்கே கொட்டுகிறோம் என்றும் யோசிக்கவில்லை. அடுத்த முறை இப்படியொரு அமைச்சு வர்த்தமானியில் வந்தால், அதன் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை முதல் நாளே வாசிப்போம்.

ஒரு வேண்டுகோள். அந்த நாட்களின் துண்டுப்பிரசுரங்கள், படங்கள், மகஜர்ப் பிரதிகள் யாரிடமாவது இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திகதியையும் இடத்தையும் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பாடப்புத்தகத்தில் இது வரப்போவதில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மீதொட்டமுல்லயில் மடிந்தவர்களின் குடும்பங்களுக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுப்பானாக. நம் மண்ணையும் தண்ணீரையும் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.