ஆற்காடு தேய்ந்ததும் சென்னை வளர்ந்ததும்

ஆரணியிலிருந்து பேருந்தேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆற்காட்டை அடைந்துவிடுகிறோம். பாலாற்றங்கரையில் நிற்கும் டெல்லி கேட்டைக் கடக்கையில், கர்நாடக நவாபுகளின் தலைநகர் இதுவே என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. அந்த நவாபுகளின் ஆட்சியெல்லையில், கடலோர மணலில் ஒரு சிறு கோட்டையாகக் கிடந்த இடமே இன்றைய சென்னை.

1639 ஆகஸ்டு 22இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனியின் பிரான்சிஸ் டே அந்நிலத்திற்கு உரிமை பெற்றார். அங்கே துறைமுகம் இல்லை. சரக்குகளைப் படகிலேற்றி அலைகளைத் தாண்டித்தான் கப்பலில் சேர்க்க வேண்டும். ஆயினும் அவர்கள் அவ்விடத்தை விட்டகலாததற்குக் காரணம் துணி. நம் ஊர்த் தறிக்காரர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவானதே நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகத்தான்.

தொடக்கத்தில் அக்கோட்டை அஞ்சியே வாழ்ந்தது. 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் அதனைச் சில மாதங்கள் முற்றுகையிட்டு, பணம் பெற்ற பிறகே விலகினார். 1746இல் நிலைமை தலைகீழாயிற்று. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொள்ள, அதனை மீட்கச் சென்ற நவாபின் புதல்வர் மஹ்பூஸ் கானின் பெரும்படை, அடையாற்றங்கரையில் சில நூறு வீரர்களிடம் தோற்றது. எண்ணிக்கையைவிடப் பயிற்சியும் துப்பாக்கியும் வலியவை என்பது அன்று அனைவருக்கும் விளங்கியது. 1749இல் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். 1751இல் ஆற்காட்டு முற்றுகை. அவ்வாண்டு டிசம்பரில் நம் ஆரணியிலேயே கிளைவின் வெற்றி. அந்த வெற்றிகளால் அரியணையைக் காத்துக்கொண்ட நவாப் முஹம்மது அலி வாலாஜா, 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிச் சென்னையிலேயே குடியேறினார். காவல்கோட்டையிடம் தலைநகரே அடைக்கலம் புகுந்தது!

சென்னையை வளர்த்தவர் நவாபே என்று நம்மவர்கள் பெருமை பேசுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. அந்த ஆடம்பரத்திற்கான பணம் கம்பெனி அதிகாரிகளிடமே கடும் வட்டிக்கு வாங்கப்பட்டது. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. வட்டி ஹராம் என்று நாள்தோறும் ஓதிக்கொடுக்கும் நாம், ஓர் அரசையே வட்டி விழுங்கிய இவ்வரலாற்றை ஏன் மாணவர்களுக்குச் சொல்வதில்லை? 1801இல் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது.

எனினும் அந்நவாபின் ஒரு செயலை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். நம் மதரஸாக்களின் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்தவர் லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்). அன்னாரின் புதல்வரும் பேரறிஞருமான பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்கள் நவாபின் ஆதரவில் சென்னைக்கு வந்து, கற்பித்து, 1810இல் அங்கேயே வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அன்னாரின் அடக்கஸ்தலம் உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் அங்கு சென்று ஸலாம் கூறி நின்றோம். நெசவுக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "ஹழ்ரத், இவங்க ஏன் ஆற்காட்டுக்கு வரல? நமக்குப் பக்கத்துல இருந்திருப்பாங்களே!"

அவர்கள் வந்தபோது ஆற்காட்டு நவாபே ஆற்காட்டில் இல்லை என்றோம்.