அவிழ்நொதி

பம்மல்வாசிகளான நாங்கள் ரயிலேறும் வழித்தடத்தில் பிறமொழிப் பெயர் கொண்ட இரண்டு நிலையங்கள் உண்டு. ஒன்று குரோம்பேட்டை. நிறம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்ற உலோகப் பெயர் பிறந்தது. அந்த உலோகத்தின் உப்பால் தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலை பேட்டைக்குப் பெயர் தந்தது. இன்னொன்று சானடோரியம். குணமாக்குதல் என்ற இலத்தீன் வேரில் முளைத்த சொல் இது. காசநோயாளிகளுக்காக மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய மருத்துவமனையே இந்த நிலையத்துக்குப் பெயர் தந்தது. அதை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது.

இந்த இரு பெயர்களையும் பொருள் கேட்காமலே நம்முடையவை ஆக்கிக்கொண்டோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் கிருமிகளின் சுவரைத் தளர்த்த ஆய்வுக்கூடங்களில் எடுக்கும் பொருளின் பெயருக்குப் பொருள் கேட்டே ஆகவேண்டும். அது லைசோசைம்.

1921இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், கிருமி வளர்த்த தட்டில் மூக்குச்சளியை இட்டுப் பார்த்தார். சளி பட்ட இடத்தைச் சுற்றிக் கிருமிகள் மறைந்துபோயின. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் அதே ஆற்றல் இருந்தது. அதற்குக் காரணமான பொருள்தான் லைசோசைம். கண்ணீர் வேண்டும் என்பதற்காக உடன் வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாராம். பெனிசிலினை அவர் கண்டது இதற்கு ஏழாண்டு கழித்து, நம் சானடோரியம் பிறந்த அதே 1928இல்.

லைசோ, சைம் என்று பெயரைப் பிரிக்கலாம். பின்பாதியிலிருந்து தொடங்குகிறேன். கிரேக்கத்தில் சைம் என்றால் மாவைப் புளிக்கவைக்கும் உறை. கிரேக்க விவிலியத்தில் வரும் அந்தச் சொல்லைத் தமிழ் விவிலியம் ‘புளித்த மா’ என்று பெயர்த்திருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1870களில் ‘புளிப்பினுள் இருப்பது’ என்ற கருத்தில் என்சைம் என்ற சொல்லைக் கட்டினார். நம்மவர்கள் கள்ளும் பழச்சாறும் நுரைத்துப் பொங்குவதைக் குறிக்கும் நொதித்தலிலிருந்து ‘நொதி’யை எடுத்தார்கள். ஈழத்துப் பாடநூல்கள் ‘நொதியம்’ என்கின்றன. இரண்டும் அருமையான ஆக்கங்கள். கூனே நடந்த அதே தடத்தில் நடந்து, நம் சொல்லிலேயே போய்ச் சேர்ந்தவை.

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. லைசோவுக்கு மூலமான லைசிஸ் என்பதைக் கரைத்தல், சிதைத்தல் என்று படித்தோம். ‘கிருமியைக் கரைக்கும் நொதி’ என்றுதான் நானும் மனப்பாடம் செய்தேன். ஆனால் அந்தச் சொல்லின் வேர் கட்டை அவிழ்ப்பது, தளர்த்துவது என்பதையே முதலில் குறிக்கும். கரைத்தல் அதிலிருந்து கிளைத்த பொருள்.

லைசோசைமின் வேலையைப் பார்த்தால் வேர்ப்பொருள்தான் சரி என்று தெரியும். கிருமியின் சுவர் செங்கல் சுவர் அல்ல, பின்னிய வலை. இருவகைச் சர்க்கரைத் துண்டுகள் மாறிமாறிக் கோத்த சரங்களைக் குட்டையான புரதத் துணுக்குகள் குறுக்கே முடிந்துவைத்திருக்கின்றன. அந்தச் சர்க்கரைகளில் ஒன்று முராமிக் அமிலத்தின் வழிவந்தது. அதன் பெயருக்குள்ளும் சுவர் என்ற இலத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. லைசோசைம் சரத்தில் இரு சர்க்கரைகளுக்கு இடையிலான பிணைப்பை வெட்டுகிறது. அவ்வளவுதான். வலை தளர்ந்ததும் வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே ஏறி, கிருமி ஊதி வெடிக்கிறது.

இதை ஐயமற நிறுவியது ஸ்வீடன் அறிஞர் வைபுல் 1953இல் செய்த சோதனை. சர்க்கரைக் கரைசலில் வைத்து ஒருவகைக் கிருமிக்கு லைசோசைம் கொடுத்தார். சுவர் போயிற்று, கிருமி வெடிக்கவில்லை. கோல்போல் இருந்தது உருண்டையாகித் திரண்டு நின்றது. ஆக, நொதி கரைப்பதில்லை. கட்டை அவிழ்க்கிறது. உடைப்பது தண்ணீர்.

தமிழில் ‘அவிழ்’ என்ற சொல் இதற்கென்றே காத்திருந்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. முடிச்சு அவிழ்கிறது, மொட்டு அவிழ்கிறது. வெந்த சோற்றின் ஒரு பருக்கைக்கும் பழந்தமிழில் அவிழ் என்றே பெயர். தண்ணீரை இழுத்து, பருத்து, விரியும் அரிசியைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஈழத்தவர் செல்லைக் கலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலத்தின் கட்டு அவிழ்வது என்னும்போது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! கிராமத்துப் பெரியவர்கள் மருந்தை அவிழ்தம் என்பார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது ஔஷதம் திரிந்து வந்த சொல். ஒலி மட்டுமே ஒன்று.

கரைத்தல் என்ற சொல் இன்னொரு விதத்திலும் வழிதவறச் செய்கிறது. கரைக்கும் பொருள் எதையும் கரைக்கும் என்று மாணவர் எண்ணிவிடுவார். முடிச்சு கைக்கு எட்டினால்தானே அவிழ்க்க முடியும்? வயிற்றுக்கோளாறு தரும் பல கிருமிகளில் வலைக்கு மேலே இன்னொரு படலம் மூடியிருக்கும். அதைத் தளர்த்திய பிறகே லைசோசைமுக்கு வழி கிடைக்கும். காசநோய்க் கிருமி இன்னும் அழுத்தமானது. அதன் வலைமேல் மெழுகுபோன்ற கொழுப்பு அடுக்கு உண்டு. அதன் டிஎன்ஏவை எடுக்கும் வழக்கமான முறையில் முதலில் 80 டிகிரிச் சூட்டில் கிருமியைக் கொல்கிறார்கள். பிறகு 37 டிகிரியில் லைசோசைமோடு ஒரு மணிநேரமாவது வைக்கிறார்கள். அதன் பின்னரே சோப்புப் போன்ற பொருளும் புரதம் அறுக்கும் நொதியும் சேர்கின்றன. அப்படி எடுத்த டிஎன்ஏவைக் கொண்டுதான் 1990களில் சென்னைப் பகுதியின் காசநோய்க் கிருமிகளுக்கு ‘கைரேகை’ பார்த்தார்கள். உலகில் மற்ற இடங்களில் அடையாளம் காண உதவிய ஒரு டிஎன்ஏ துண்டு, இங்குள்ள பல கிருமிகளில் ஒரே ஒரு படியாகத்தான் இருந்தது. அதனால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது கடினமாயிற்று.

லைசோசைம் என்ற பெயரை விட்டுவிடச் சொல்லவில்லை. குரோம்பேட்டைபோல அதுவும் இருக்கட்டும். பாடநூல் எழுதுவோரும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் அதற்குப் பொருள் சொல்லும் இடத்தில் ‘கரைக்கும் நொதி’ என்பதை அடித்துவிட்டு ‘அவிழ்நொதி’ என்று எழுதுங்கள்.